உள்பக்கம் உப்புத்தாள் போடாத வீடு

போன மாதம் பட்டறையிலிருந்து முருகேசன் போன் செய்தான். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. என் இடத்தில் இப்போது அவன்தான் நிற்கிறான். தோட்டத்தில் மாட்டி வைக்கும் அலங்கார மரக் குருவி வீடுகளை எங்கள் பட்டறை இப்போது ஆன்லைனில் விற்கிறது. பலகை வெட்டுவதும் ஓடு செதுக்குவதும் கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின். பொருத்துவது மட்டும் கை. வாங்கிய ஒருவர், வெளியே பார்த்தால் அரண்மனை, உள்ளே விரலை விட்டால் சிராய் குத்துகிறது, இது ஏமாற்று வேலை என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டாராம். இப்போது நிர்வாகம் பார்ப்பது முதலாளியின் மகள். அவர் பதறிப்போயிருக்கிறார்.

"உள்ளயும் ஒரு கை உப்புத்தாளப் போட்டு, சீலர் அடிச்சு விட்டுருவமாண்ணே? அரை மணி நேர வேலைதான்" என்று கேட்டான்.

போடாதே என்றேன். ஏன் என்றான். அது போனில் சொல்லி முடிகிற கதையில்லை. மறுநாள் முதலாளியின் மகளே கூப்பிட்டு, எழுதிக் கொடுங்கள், வாங்குகிறவர்களுக்கும் அனுப்பலாம், வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் படிக்கட்டும் என்றார். நான் எழுதினால் மரக்கடைச் சீட்டு மாதிரிதான் இருக்கும் என்று எச்சரித்தேன். பரவாயில்லை என்றுவிட்டார். இனி என் மேல் குற்றமில்லை.

என் ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே. மழையை நம்பிய காடு, அதுவும் அடுத்தவர் காடு. அப்பாவும் அம்மாவும் அதில் கூலி வேலை பார்த்தார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கும் நானும் பிரிந்த பிறகு, பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கி, ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். இரண்டு வருடம் மரச்சுருள் பெருக்கினேன். ஒரு வருடம் உளி தீட்டினேன். நான்காவது வருடம் இழைப்புளியைக் கையில் கொடுத்தார்கள். ஏழாவது வருடம் தனியாக ஒரு பீரோ செய்யச் சொன்னார்கள். இந்த ஏழு வருடத்தைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் படிக்கிறவர்களுக்குத் தூக்கம் வரும்.

எங்கள் மேஸ்திரி காதர் பாய். கோரிப்பாளையத்துக்காரர். ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமில்லாத பெரிய கைகள். அதிகம் பேச மாட்டார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஆனால் அவருக்குக் கோபம் வந்துவிட்டால் மரியாதை கூடிவிடும். "டேய்" என்று கூப்பிட்டால் நாம் பிழைத்தோம். பெயரைச் சொன்னால் பரவாயில்லை. "வாங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்காது.

எனக்கு அந்த மரியாதை என் முதல் பீரோவிலேயே கிடைத்தது. கல்யாணச் சீருக்கான பீரோ. வெளியே முகம் தெரியும் அளவுக்குப் பாலிஷ் போட்டிருந்தேன். இழுப்பறையின் உள்பக்கம், பின் மூலையில், யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு சிராயை விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பெண்ணின் அம்மா முகூர்த்தப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டார். ஒரு சாண் நீளத்துக்குப் பட்டு இழை இழுபட்டுத் தொங்கியது. அந்த அம்மா திட்டவில்லை, அழுதார். பாய் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, தன் முக்காலியை எனக்கு எடுத்துப் போட்டு, "தவமணி, இங்க வாங்க. உக்காருங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்த அந்த ஐந்து நிமிடம் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

மறுநாளே பட்டறையில் சட்டம் வந்தது. உள்பக்கமும் வெளிப்பக்கம் போலவே இருக்க வேண்டும். முரட்டு உப்புத்தாள், பிறகு நடுத்தரம், பிறகு நைஸ்; மரத் துளைகளை அடைக்க இரண்டு கை சீலர்; காய்ந்த பின் மறுபடி நைஸ்; அதன் மேல் பாலிஷ். சோதிக்கும்போது பாய் உள்ளங்கையால் தடவ மாட்டார். தச்சனின் உள்ளங்கை காய்த்துப் போனது, அதை நம்பக் கூடாது என்பார். புறங்கையால்தான் தடவுவார். அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால், சட்டைப் பையில் வைத்திருக்கும் ஒரு துண்டுப் பட்டுத் துணியை உள்ளே போட்டு நான்கு மூலைக்கும் இழுப்பார். ஒரு இழை மாட்டினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பட்ட அவமானத்தில் நான் அந்த வேலையில் வெறிபிடித்தவன் ஆகிவிட்டேன். ஐந்தாறு வருடத்தில், உள்வேலை என்றால் தவமணி என்று பெயர் வந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, மறைக்கவில்லை.

இனி குருவி வீடு.

நத்தம் ரோட்டில் தோட்டத்தோடு வீடு கட்டிக் குடியேறியவர் செல்வராணி சிஸ்டர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, மகன் வெளியூரில். தோட்டத்துக்கு அழகாக, அதே சமயம் குருவி தங்கும்படியாகவும் ஒரு மர வீடு வேண்டும் என்று வந்தார். எங்களுக்கு அது புதுசு. கட்டில், கதவு, பீரோ தவிர வேறு செய்ததில்லை. முதலாளி தயங்கினார். பாய்க்கு மட்டும் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. மிச்சம் கிடந்த தேக்குப் பலகைகளை அன்றே பொறுக்கி வைத்துவிட்டார்.

அவர் போட்ட திட்டம் இப்படி. இரண்டு மாடி வீடு. கீழே முன்பக்கம் தூண் வைத்த சின்ன வராந்தா. நடுவில் குமிழ் வைத்துச் செதுக்கிய இரட்டைக் கதவு. ஆனால் அது பலகையிலேயே செதுக்கியது, திறக்காது, அழகுக்கு மட்டும். மேல் மாடியில் வளைவு வைத்த ஒரு ஜன்னல், இரண்டு அங்குல அகலம். அதுதான் குருவிக்கு உண்மையான வாசல். ஜன்னலுக்குக் கீழே விரல் அகலத்தில் ஒரு பால்கனி. கூரைக்குச் சீவல் சீவலாக வெட்டி அடுக்கிய மர ஓடுகள். உள்ளே மாடி கிடையாது. ஜன்னலிலிருந்து தரை வரை ஒரே அறை, ஒரு அடி ஆழம். ஆணி ஒன்றுகூட இல்லை, எல்லாமே பொருத்தும் பசையும். ஆணி அடித்தால் அது பழப்பெட்டி என்பது பாயின் கட்சி. திறந்து பார்க்க ஒரு வழி வைக்க வேண்டுமே என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நான்காவது பலகையைப் பொருத்தி மூடுவதற்கு முன் உள்வேலை என்னிடம் வந்தது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். முரடு, நடுத்தரம், நைஸ், சீலர், மறுபடி நைஸ், பாலிஷ். பாய் புறங்கையால் தடவினார். பட்டுத் துணியைப் போட்டு இழுத்தார். துணி வழுக்கிக்கொண்டு ஓடியது. "ம்" என்றார். அவரிடமிருந்து ஒரு "ம்" வாங்குவது லேசில்லை. அன்று மாலை நான் வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

பங்குனியில் சிஸ்டரின் மாமரத்துக்குப் பக்கத்தில், நிழல் விழும் இடத்தில் கம்பம் நட்டு, பின்பலகையை அதோடு சேர்த்து இறுக்கினோம். சிஸ்டர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, குருவி வராவிட்டால் நானே குடிபோய்விடுவேன் என்றார். இரண்டு வாரத்தில் குண்டுகரிச்சான் ஜோடி ஒன்று வந்து சேர்ந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டு, காலையில் விசிலடித்துப் பாடுமே, அது. முட்டை வைத்திருக்கிறது, குஞ்சு பொரித்துவிட்டது என்று சிஸ்டர் ஒவ்வொன்றையும் போனில் சொல்வார். நோயாளி சார்ட் எழுதிய பழக்கத்தில், தாய் எத்தனை மணிக்கு இரை கொண்டு வருகிறது என்றுகூட நோட்டில் எழுதி வைத்தார். பாய் அந்தப் போன்களைக் காதிலிருந்து எடுக்க மாட்டார்.

சித்திரை கடைசி, நல்ல வெயில். ஒரு நாள் காலை பத்து மணிக்கு சிஸ்டரின் போன் வந்தது. பாய் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, "வாங்க தவமணி, போவோம்" என்றார். 'வாங்க' என்ற அந்த ஒரு வார்த்தையில், பஸ் ஏறியதிலிருந்து நான் செய்த தப்புகளை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

சிஸ்டர் கேட்டிலேயே நின்றார். குஞ்சுகளுக்கு இறகு முளைத்து நான்கு நாளாகிறது. வெளியே வர வேண்டிய நாள் தாண்டிவிட்டது. தாய் புழுவை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்து கூப்பிடுகிறது. உள்ளிருந்து பொத்து பொத்தென்று சத்தம் மட்டும் வருகிறது. பல் டாக்டர் வைத்திருக்கும் மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்து அவர் பார்த்திருக்கிறார். நான்கு குஞ்சுகள். அவற்றில் மூன்று, சுவரைப் பிடித்து எம்பி எம்பி ஏறப் பார்க்கின்றன. ஒன்று ஓரமாகக் கிடக்கிறது, அசையவில்லை.

"நகத்துக்குப் பிடியே இல்ல பாய். பாதி வரைக்கும் எம்புது, வழுக்கி வழுக்கி விழுகுது. தாய்க்கு றெக்க இருக்கு, அடிச்சு மேல வந்துருது; குஞ்சுக்கு நகந்தான? ரெண்டு நாளா இதே பாடு. யாரு உள்ள இம்புட்டு வழவழன்னு போட்டது?" என்று கேட்டார்.

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பாய் கண்ணாடியை வாங்கி ஜன்னலில் பிடித்து, நெடுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் முக்காலிக்குத் தயாராகிவிட்டேன்.

"தப்பு என் மேல, தவமணி. துணிக்குச் சொன்ன சட்டத்தக் குருவிக்கும் சொல்லிட்டேன். உள்ள யாரு இருக்கப் போறாங்கன்னு நான் கேக்கவே இல்ல" என்றார்.

எத்தனையோ வருடமாக அவரிடம் வேலை பார்த்தவன் நான். அவர் வாயிலிருந்து 'தப்பு என் மேல' என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் நான் ஒரு யோசனை சொன்னேன். விரல் பருமனில் ஒரு குச்சி வெட்டி, குறுக்கே ரம்பக் கோடு போட்டு, ஏணி மாதிரி ஜன்னல் வழியாக விட்டோம். அந்தக் குச்சி நிற்கவில்லை. தரையும் நான் போட்ட பாலிஷ்தானே. அடிமுனை வழுக்கி ஓடிக் குறுக்கே விழுந்தது. உள்ளே குஞ்சுகள் கத்தின கத்தலில் சிஸ்டர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். கம்பி விட்டு அந்தக் குச்சியை வெளியே எடுப்பதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. கூரையைப் பெயர்க்கலாம் என்றால் சுத்தியல் வேண்டும், அந்த அதிர்ச்சியைக் குஞ்சு தாங்காது. பின்பலகை கம்பத்தோடு சேர்ந்தது.

பாய் வீட்டைச் சுற்றி ஒரு தடவை வந்தார். பிறகு கீழே செதுக்கிய கதவின் மேல் விரலை வைத்து, இதைத் திறக்கிறேன் என்றார். அந்தக் கதவை மட்டும் அவர் மூன்று நாள் செதுக்கியிருந்தார். மூன்றங்குல அகலம், நான்கு அங்குல உயரம், அதற்குள் பதினாறு குமிழ். வேறு பக்கம் வெட்டலாமே என்று நான் இழுத்தேன். மற்ற பக்கமெல்லாம் பொருத்து ஓடுகிறது, வெட்டினால் வீடே கழன்றுவிடும், இது ஒன்றுதான் வெறும் பலகை என்றார்.

அதற்குப் பிறகு சிஸ்டர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். சில்வர் தட்டில் பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டார். மூட இன்னொரு துணி. டார்ச்சை என் கையில் கொடுத்து, நிழல் விழாமல் பிடிக்கச் சொன்னார். தாய் இரையோடு வந்து மதில்மேல் உட்கார்ந்தால் அவர் கையை உயர்த்துவார், பாய் நிறுத்திவிட வேண்டும். நாங்கள் விலகி நிற்போம். தாய் ஜன்னலில் போய்க் கூப்பிட்டுவிட்டுப் பறந்ததும், ம், ஆரம்பிங்க என்பார். மேஸ்திரிக்கே உத்தரவு போடும் ஒரு ஆளை அன்றுதான் பார்த்தேன்.

பாய் கைத் துளைப்பானால் கதவின் நான்கு மூலையிலும் பிளேடு நுழையும் அளவுக்குத் துளை போட்டார். இரும்பறுக்கும் ரம்பத்தின் பிளேடை மட்டும் கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றி, பல் தன் பக்கம் பார்க்கும்படி துளைக்குள் நுழைத்தார். அப்படிப் பிடித்தால் இழுக்கும்போதுதான் அறுக்கும். தூள் குஞ்சு மேல் விழாமல் வெளியே வரும். தள்ளும்போது அழுத்தமே இல்லை. ஒரு இழுப்புக்கு ஒரு நூல் ஆழம்கூட இருக்காது. குமிழ்களில் ஓரத்து வரிசை அவர் கண்ணெதிரே தூளாகிப் போனது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசிப் பக்கத்தை அறுத்து முடிக்கும்போது கதவு உள்ளே விழாமல் இருக்க, குமிழில் நூல் கட்டி வெளியே பிடித்துக்கொண்டார். சத்தமே இல்லாமல் கதவு கையோடு வந்தது.

சிஸ்டர் கையை விட்டுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டுக்கு எடுத்தார், பிறகு கூட்டையும். மூன்று உயிரோடு இருந்தன. வாய் பிளந்து, நெஞ்சு படபடவென்று அடித்தது. நான்காவது ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அதைக் குரோட்டன்ஸ் செடிக்கு அடியில் பாயே புதைத்தார். மண்ணைத் தட்டிவிட்டு எதையோ முணுமுணுத்தார். அந்தக் குஞ்சு என் கணக்கில்தான் இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் அதை நான் மாற்றி எழுத மாட்டேன்.

உள்ளே சொரசொரப்பாக்க வேண்டும். பாயின் கை அந்தக் கதவுக்குள் நுழையாது, என் கை நுழையும். ஒடித்த பிளேடுத் துண்டைக் கையில் பிடித்து, தரையிலிருந்து ஜன்னல் வரை விரலிடை விட்டுக் குறுக்குக் கோடுகள் கிழித்தேன். நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஏற்றிய பாலிஷ் சுருள் சுருளாக உதிர்ந்தது. சங்கடமாக இருக்கும் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் நெஞ்சில் ஒரு பாரம் குறைந்தது. முடித்ததும் பாய் நகத்தால் மேலிருந்து கீழே கீறிப் பார்க்கச் சொன்னார். நகம் ஒவ்வொரு கோட்டிலும் மாட்டியது.

தூளைத் துடைத்து, கூட்டை வைத்து, குஞ்சுகளை விட்டு, கதவைப் பழைய இடத்தில் பொருத்தினோம். நகைப்பெட்டிக்கு வைக்கும் பித்தளைக் கீல் இரண்டு பாயின் பையில் இருந்தது. கீல் போட்டு, சின்னக் கொக்கியும் மாட்டியதில் அது உண்மையான கதவாகிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் செய்த ஒவ்வொரு குருவி வீட்டிலும் கீழ்க் கதவு திறக்கும்; அழகுக்காக என்று பலர் நினைக்கிறார்கள்.

இனி தாய் வர வேண்டும். மனிதக் கை பட்ட பயத்தில் வராமலே போய்விடுமோ என்று சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் மூவரும் நின்றோம். சிஸ்டர் போட்ட டீ ஆடை கட்டியது. முக்கால் மணி நேரம் கழித்து ஆண் பறவைதான் முதலில் வந்தது. கம்பத்தைச் சுற்றித் திட்டித் தீர்த்தது. அப்புறம் தாய் ஒரு பச்சைப் புழுவோடு நேராக உள்ளே போனது. "வந்துட்டா" என்று சிஸ்டர் சொன்னார். பாய் அப்போதுதான் அந்த டீயைக் குடித்தார்.

மறுநாள் காலை ஆறரைக்கு நாங்கள் அங்கே இருந்தோம். யாரும் கூப்பிடவில்லை. ஏதாவது சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று பாய் பையையும் கொண்டு வந்திருந்தார். ஏழு மணிக்கு உள்ளே பொத்தென்ற சத்தம் இல்லை. கரகரவென்று நகம் பிடிக்கும் சத்தம். ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. பால்கனியில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, மாங்கிளைக்கு ஒரே தாவல். கால் மணி நேரத்தில் இரண்டாவது. சிஸ்டர் நோட்டில் நேரம் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது வரவில்லை. ஜன்னல் வரை ஏறும், எட்டிப் பார்க்கும், இறங்கிவிடும். எட்டு மணி, ஒன்பது மணி. பட்டறையில் கதவு டெலிவரி ஒன்று நின்றது. முதலாளி இரண்டு தடவை போன் செய்துவிட்டார். பாய் எடுக்கவில்லை. மூன்றில் அதுதான் இளைத்துப் போனது, இரண்டு நாளாகச் சரியாகத் தீனி எட்டியிருக்காது என்று சிஸ்டர் சொன்னார். அது வெளியே வராமல் நாங்கள் எப்படிக் கிளம்புவது? ஒன்பதரைக்கு மறுபடி ஏறி வந்தது. பால்கனியில் வெகுநேரம் நின்றது. பிறகு கிளம்பியது. பறந்தது என்று சொல்ல முடியாது. இறக்கையை அடித்துக்கொண்டே விழுந்து, மாமரத்தடியில் இருந்த பாயின் பையின் மேல் வந்து இறங்கி, தோள்பட்டியை இறுகப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பையை அவர் தொழுகைக்குப் போனாலும் தோளில்தான் கொண்டுபோவார். அதற்குள் இருக்கும் உளிகளை என்னைக்கூடத் தொட விட்டதில்லை. தாய் வந்து பையின் மேலேயே குஞ்சுக்கு ஊட்டியது, போனது, மறுபடி வந்தது. நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். மணி பத்தரை ஆனதும் நான் பையைப் பார்த்து மெதுவாக ஒரு அடி வைத்தேன். பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இருக்கட்டும். வா போவோம்" என்றார்.

கையை வீசிக்கொண்டு பஸ் ஏறினோம். பட்டறை வாசலில் முதலாளி கோபமாகத்தான் நின்றார். ஆனால் பாயின் வெறும் தோளைப் பார்த்ததும் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது.

"பாய், பை எங்க?"

"அங்க வேலையா இருக்கு முதலாளி. சாயங்காலம் முடிஞ்சதும் வந்துரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், அன்று முழுக்க என் உளியை வாங்கி வேலை பார்த்தார்.